இரும்பு, செம்பு, 58 சுற்று: ஓர் ஆம்ப்ளிபயர் உயிர்பெறும் அறைக்குள்ளே

பல்பு பளீரென்று எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. வெளிச்சம் அப்படியே இறங்கி, உள்ளே இருந்த இழை ஊதுவத்தி முனை மாதிரி லேசாகச் சிவந்து நின்றது.

"பொழச்சிருச்சு தம்பி!" என்றார், செட்டைக் கட்டித் தந்த அண்ணன். நான் கைதட்டியே விட்டேன்.

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது ரிச்சி தெரு. ரெசிஸ்டர் முதல் லேப்டாப் வரை கிடைக்கும் அந்தச் சந்தைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் கடைகளுக்குப் பின்னால், ஆள் ஒருக்களித்து ஏற வேண்டிய மாடிப்படிக்கு மேலே, வீட்டு ஆம்ப்ளிபயர்களை ஒவ்வொன்றாகக் கையால் கட்டித் தருகிற இப்படி ஓர் அறைக்குள் நுழைந்தது இதுதான் முதல் தடவை. என் செட்டுக்கு இன்று முதல் கரண்ட். அதுவும் நேராக இல்லை, நடுவில் ஒரு 100 வாட் குண்டு பல்பை நிறுத்திவைத்து!

இதற்குச் சீரிஸ் பல்பு என்று பெயர். சுவரிலிருந்து வரும் கரண்ட் முதலில் பல்புக்குள் புகுந்து, அதைத் தாண்டித்தான் செட்டுக்குப் போகும். சுவிட்சைப் போட்டதும் காலியாகக் கிடக்கும் கப்பாசிட்டர்கள் ஆவேசமாகக் கரண்டை இழுக்கும், பல்பு எரியும். அவை நிரம்பியதும் இழுப்பு நின்றுவிடும், பல்பு மங்கும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். அப்படி ஆனாலும் ஒன்றும் புகையாது. அந்தப் பல்பு அரை ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விடாது. "குண்டு பல்பு கடையில கெடைக்கறதே கஷ்டமாயிருச்சு. எல்இடி இதுக்கு ஆவாது. இழை இருக்கிற பல்புதான் வேணும்" என்று அலமாரியைத் திறந்து காட்டினார் அண்ணன். புத்தம் புதுப் பல்புகள், செய்தித்தாளில் சுற்றி, ஒரு டஜனுக்கு மேல்!

நான் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்த செட்டில் மெல்லிய பாட்டெல்லாம் தேன். நாதஸ்வரக் கச்சேரி போட்டால் தனி நாதஸ்வரம் வரைக்கும் சொர்க்கம். தவில் உள்ளே நுழைந்ததும் சத்தம் கசங்கிவிடும். ஸ்பீக்கரை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். மறுபடியும் ஸ்பீக்கரை மாற்றினேன். கடைசியில் யாரோ வழிசொல்ல, செட்டை இந்த அண்ணனிடம் கொண்டுவந்தேன். மூடியைக் கழற்றியவர் போர்டைப் பார்க்கவே இல்லை. நேராக டிரான்ஸ்பார்மரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் பாவம் தம்பி. அதுக்குச் சோறே போடலையே நீங்க!"

அந்த ஒரு வாக்கியத்தில் என் மூன்று வருடச் செலவும் எனக்கு விளங்கிவிட்டது. போனிலிருந்து வரும் பாட்டு ஒரு வோல்ட்டைத் தொட்டாலே அதிகம். அதை ஆம்ப்ளிபயர் இழுத்துப் பெரிதாக்குகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தச் சின்னஞ்சிறு சிக்னல் ஒரு குழாயின் திருகுபிடியைத்தான் திருப்புகிறது. குழாயிலிருந்து பாய்வது முழுக்கச் சுவர் கரண்ட். ஸ்பீக்கரின் அட்டையை முன்னும் பின்னும் தள்ளுவது, தவிலாக முழங்குவது, பாடகியின் மூச்சாகக் காதில் விழுவது எல்லாமே மின்கம்பத்திலிருந்து வந்த அதே கரண்ட்தான், பாட்டின் வடிவத்தில்! இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. அப்படியென்றால் குழாய்க்குப் பின்னால் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதில்தானே எல்லாம் இருக்கிறது? அதைப் பார்க்கத்தான் அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

அங்கே ஓர் அக்கா கைப்பிடி வைத்த வைண்டிங் மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேன்நிறத்தில் மின்னும் செம்புக் கம்பி உருளைகள். வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க தம்பி, எரநூத்து நாப்பதுல இருக்கேன்."

மெஷினில் எண்ணும் கருவி இருக்கிறது. ஆனாலும் அக்கா மனசுக்குள்ளும் எண்ணுகிறார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிரித்துவிட்டு முதலிலிருந்து! ஒரு சுற்றுக் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாதாம். ஆனால் 24 வோல்ட் பக்கத்தில் இரண்டு பாதியும் சமமாக வராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதாம்.

எத்தனை சுற்று என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு சுருக்குக் கணக்கு இருக்கிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு, சாதாரண இரும்புத் தகட்டில், 7-ஐ நடுக்காலின் சதுர அங்குலத்தால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். என் டிரான்ஸ்பார்மரின் நடுக்கால் 2 அங்குல அகலம், தகடுகளின் அடுக்கு ஒன்றரை அங்குல உயரம். மொத்தம் 3 சதுர அங்குலம். வோல்ட்டுக்கு 2.33 சுற்று. 230 வோல்ட்டுக்கு 536 சுற்று! 24 வோல்ட்டுக்கு 56. கம்பியிலேயே கொஞ்சம் வோல்டேஜ் கரைந்துவிடும் என்பதால் இரண்டு சேர்த்து 58. உள்பக்கம் 22 கேஜ் மெல்லிய கம்பி, அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் பேப்பர், அதற்கு மேல் 16 கேஜ் தடித்த கம்பி. 58 சுற்று முடிந்ததும் ஒரு வளையம் வெளியே இழுத்துவிட்டு, அதே திசையில் மறுபடியும் 58. அந்த வளையம்தான் 24-0-24 என்று சொல்கிறோமே, அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் பூஜ்ஜியம். எத்தனை வருடம் அந்த எண்ணைக் கடையில் சொல்லி வாங்கியிருப்பேன்! பூஜ்ஜியம் பிறப்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு தகடுகள். ஆங்கில எழுத்து ஈ வடிவில் ஒன்று, ஐ வடிவில் ஒன்று. இந்தப் பக்கமிருந்து ஒரு ஈ, அந்தப் பக்கமிருந்து ஒரு ஈ என்று மாற்றி மாற்றிச் செருகி, கடைசித் தகட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கி, போல்ட்டை முறுக்கி, வார்னிஷில் முக்கிக் காயவைக்க வேண்டும். தளர்ந்து கிடந்தால் ராத்திரி முழுக்கக் கொய்ங் என்று பாடும். என்னுடையதைத் தராசில் வைத்தார்கள். முள் 4 கிலோவைத் தாண்டியது!

அக்கா ஒரு ரகசியமும் காட்டினார். பழைய செட்டிலிருந்து கழற்றிய என் டிரான்ஸ்பார்மரின் கம்பி முனையைப் பிளேடால் சுரண்டினார். பார்ப்பதற்குச் செம்பு நிறம். சுரண்டியதும் உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். அதே தடிமனில் அலுமினியக் கம்பிக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் தடை. சூடாகும், பாரம் ஏறியதும் வோல்டேஜ் இறங்கிவிடும். நான் செம்பு என்று நம்பித்தான் காசு கொடுத்திருந்தேன். வயிறு எரிந்தது.

சரி, இப்போது மல்டிமீட்டருக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் எனக்குக் கண்கட்டு வித்தை மாதிரி ஒன்று நடந்தது. டிரான்ஸ்பார்மர் முனையில் வைத்தபோது 24-ம் சொச்சமும் காட்டிய மீட்டர், டயோட் பிரிட்ஜையும் கப்பாசிட்டரையும் தாண்டியபின் 35 காட்டியது. 11 வோல்ட் எங்கிருந்து வந்தது? ஏசி கரண்டில் நாம் சொல்லும் 24 என்பது ஒருவகைச் சராசரி. அந்த அலை உச்சிக்குப் போகும்போது அதைப்போல 1.414 மடங்கு, அதாவது 34-ஐத் தொடுகிறது. கப்பாசிட்டர் அந்த உச்சியையே பிடித்து வைத்துக்கொள்கிறது. பாரம் இல்லாதபோது டிரான்ஸ்பார்மரும் கொஞ்சம் தாராளமாகத் தருகிறது. நள்ளிரவில் தெருவே தூங்கிச் சுவரில் 250 வோல்ட் வந்தால் இந்த 34 கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். என் பழைய செட்டில் போட்டிருந்த கப்பாசிட்டரோ 35 வோல்ட் வகை. அதன் தலை உப்பிப்போய் நின்றதைக் காட்டினார் அண்ணன். புதுசுக்கு 63 வோல்ட், 10,000 மைக்ரோ பாரட், பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று. சின்ன டம்ளர் அளவில் இரண்டு கறுப்புத் தூண்கள். அழகு!

இந்தத் தூண்கள் செய்யும் வேலையைத்தான் நான் உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடுவது கொஞ்ச நேரம். குழாயில் தண்ணீர் வருவது நாள் முழுக்க. இங்கேயும் அப்படியே. 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரண்டு பாதிகளையும் பிரிட்ஜ் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதால் விநாடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை, தொட்டி நிரம்புகிறது. அந்த 10-ல் டிரான்ஸ்பார்மர் உண்மையில் கரண்ட் தள்ளுவது அலையின் உச்சியை ஒட்டிய சில மில்லி விநாடிகள்தான். மிச்ச நேரமெல்லாம் பாட்டு தொட்டித் தண்ணீரில் ஓடுகிறது! 40 ஹெர்ட்ஸில் ஒரு கனமான பேஸ் வந்தால் அதன் ஒரு பாதியே பன்னிரண்டரை மில்லி விநாடி. ஒரு நிரப்பலிலிருந்து அடுத்த நிரப்பல் வரை முழுக்க மூச்சைப் பிடித்து ஸ்பீக்கரைத் தள்ள வேண்டும். 2 ஆம்பியர் இழுக்கும்போது அந்தப் பத்து மில்லி விநாடியில் 10,000 மைக்ரோ பாரட் தொட்டி 2 வோல்ட் இறங்கும். என் பழைய செட்டில் இருந்த 2,200 தொட்டியோ 9 வோல்ட் இறங்கும். தவில் கசங்கியது அந்த 9 வோல்ட் பள்ளத்தில்தான்.

"காதால கேளுங்க" என்று அண்ணன் ஒரே போர்டில் இரண்டையும் மாட்டிக் காட்டினார். அதே பாட்டு, அதே வால்யூம். சின்னக் கப்பாசிட்டரில் தவில் அடி விழும்போது மேலே நாதஸ்வரமும் சேர்ந்து நடுங்கியது. பெரியதை மாட்டினார். அடி தனியாக, கல் விழுந்த மாதிரி விழுந்தது; நாதஸ்வரம் அசையவே இல்லை. அறையில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் "ஆஹா" என்றோம்.

கணக்கையும் பார்த்துவிடலாம், ஒரு நிமிடம்தான். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வேண்டுமென்றால் உச்சியில் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். இடது, வலது இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடினால் சப்ளையிலிருந்து 150 வாட் போகும். துடிப்புத் துடிப்பாக இழுக்கும் கப்பாசிட்டர்களுக்கு ஈடுகொடுக்க டிரான்ஸ்பார்மர் அதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். 48 வோல்ட், 5 ஆம்பியர், 240 விஏ. அக்கா சுற்றியது அதைத்தான். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டுகிறீர்களா? அது 4 ஓம் ஆகிவிடும். மூன்றரை ஆம்பியர் ஏழாகும். டிரான்ஸ்பார்மரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, அண்ணனின் காது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒருவர் செட்டில் ஹம் வருகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரிடம் காதைக் கொடுத்தார். "நூறு" என்றார். அவ்வளவுதான்! 100 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் பிரிட்ஜுக்கு அப்பால் பிறந்தது, பில்டர் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, அடிவயிற்றில் உம் என்று கேட்கும். அது எர்த் சுற்றிக்கொண்டதாலோ, டிரான்ஸ்பார்மரின் காந்தம் சிக்னல் ஒயரைத் தொடுவதாலோ வருவது. கப்பாசிட்டரை மாற்றினார். ஹம் போயிற்று. எர்த் சிக்கலே வராமல் இருக்க அவர் எல்லாத் தரை ஒயர்களையும் இரண்டு கப்பாசிட்டர்கள் சேரும் இடத்தில் ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்டுகிறார். அவ்வளவு ஒழுங்கு.

மேஜைமேல் வளைய டிரான்ஸ்பார்மர் ஒன்றும் இருந்தது. மெதுவடை வடிவம், காந்தம் வெளியே கசிவது மிகக் குறைவு, சத்தமில்லை, விலை அதிகம். அதை நடுவில் ஒரே போல்ட்டால் பெட்டியில் பொருத்துவார்கள். அந்தப் போல்ட்டின் மேல்முனை பெட்டியின் மூடியைத் தொட்டுவிட்டால்? போல்ட், மூடி, பெட்டி எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஆகிவிடும், அதுவும் ஷார்ட் ஆன சுற்று! பெட்டியே ஒரு வைண்டிங்! ப்யூஸ் அந்த நொடியே போய்விடும். இதைக் கேட்டபோது நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

செட்டைவிட்டு வெளியே, சுவருக்கும் வருகிறேன். பலரும் பெரிய பிளக் வேண்டுமா என்று கேட்கிறார்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டே 1,380 வாட் வரை தாங்கும். வீட்டு ஆம்ப்ளிபயருக்கு அது போதும். தொல்லை வேறு இடத்தில். நூல் மாதிரி ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் போர்டு, பிடிப்பு விட்டுப்போன சாக்கெட், சாயங்கால லோ வோல்டேஜ். 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் கிடைக்கும் வாட் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. 50 வாட் செட்டு 34-க்கு இறங்கிவிடும். இதற்கு ஸ்டெபிலைசர் உதவும். 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் இன்வெர்ட்டரில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும்: கர்ரென்ற சத்தமும் சோர்ந்துபோன பேஸும். சதுர அலை இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டின் உச்சியும் 230-தான். நல்ல சைன் அலையில் அது 325. உச்சியைப் பிடித்துவைக்கும் கப்பாசிட்டருக்கு உச்சியே இல்லாமல் போய்விட்டால் அது என்ன செய்யும்? பாட்டுக்கு என்று இன்வெர்ட்டர் வாங்குவதானால் சைன் அலை வகையையே வாங்குங்கள்.

இப்போது வரும் பல செட்டுகளில் எஸ்எம்பிஎஸ் சப்ளை இருக்கிறது. கரண்டை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுவதால் கைக்குள் அடங்கும் டிரான்ஸ்பார்மரே போதும். அதில் எடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனக்கு என்னவோ அந்த 4 கிலோ இரும்புமேல்தான் காதல்.

கிளம்பும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு அண்ணன் மீட்டரைக் கப்பாசிட்டரில் வைத்துக் காட்டினார். இன்னும் 30 வோல்ட்! கரண்டே இல்லாத பெட்டிக்குள் தொட்டி நிரம்பிக் கிடக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க விடாமல், ஒரு ரெசிஸ்டரை வைத்து நிதானமாக இறக்கினார். வீட்டில் நீங்கள் மூடியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட்டும் நிரம்பிய கப்பாசிட்டரும் தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும்.

திறக்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பக்கம் 4,000 வாட் பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு பெட்டியை அண்ணன் திருப்பிக் காட்டினார். பின்னால் சின்னதாக: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 45 வாட். சுவரிலிருந்து 45 வாட் வாங்கும் பெட்டி எதை வைத்து 4,000 வாட் பாட்டைத் தொடர்ந்து தரும்? அமெரிக்காவில் வாட் கணக்கை இன்ன முறையில்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி போட்டுவிட்டார்கள். நம் ஊரில் நாம்தான் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாங்குமுன் பாருங்கள். வாங்கி வந்தபின், முதல் பாட்டைப் போடுவதற்கு முன்னால், ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சாக்கெட்டின் மூன்றாவது துளையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.